கரையில் ஒரு ஜாகா

கடல் என்றால் சுடும் என்று ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். மணல் சிலிப்பரையும் மீறிக் காலைச் சுடும், காற்று வேர்வையோடு வந்து ஒட்டும், தலையில் வைத்த எண்ணெய் காதோரம் வழியும். பினாங்கில் பிறந்தவனுக்குக் கடற்கரை என்றால் அதுதான். லாட்வியாவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, பால்டிக் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போவதாக அவள் சொன்னதும், அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், சிலிப்பர் சகிதம் வாசலில் தயாராக நின்றேன்.

"அப்பா, ஜெக்கெட் போட்டுக்குங்க."

"பீச்சுக்கு யாராச்சும் ஜெக்கெட் போடுவாங்களாலா?" என்று சிரித்தேன்.

ரயிலை விட்டிறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே, கண்ணாடித் தாழ்வாரம் வைத்த மர வீடுகளைத் தாண்டி நடந்து, மணலில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றுபோனது. அந்த ஊரின் கோடை வெயில் பார்வைக்கு மட்டும்தான் வெயில். காற்றோ, ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ரகம். ஊர்க்காரர்கள் நீச்சலுடையில் சுகமாக மல்லாந்து கிடக்க, நான் மட்டும் மகளின் பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு, மழையில் நனைந்த கோழியாகக் குந்தியிருந்தேன். மகளும் எங்களோடு வந்திருந்த அவள் தோழியும் தண்ணீருக்கு ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் மகள் திரும்பிக் கத்தினாள்: "அப்பா, பேக் பாத்துக்குங்க!"

ஆக, நான் "ஜாகா" ஆகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் காவலுக்கு அதுதான் பெயர். மலாய்க்காரர்களிடம் வாங்கிய சொல், திருப்பிக் கொடுக்கவே இல்லை. சுங்கை பினாங்கில் நாங்கள் குடியிருந்த காலத்தில், பள்ளி விடுமுறை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீல பஸ் ஏறிக் குடும்பமாகப் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைக்குப் போவோம்: அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், நான், என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும், அதோடு ஆளுக்கு ஒன்று என்று அவித்த முட்டையும் இலையில் கட்டிக் கூடையில் இருக்கும். சவுக்கு மரத்தடியில் பாய் விரித்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு ஆள் ஜாகா இருக்கணும்லா" என்பார். யார் என்று சொல்ல மாட்டார். சொல்லவும் வேண்டாம், அக்கா அதற்குள் எல்லார் சிலிப்பரையும் பொறுக்கி ஜோடி சேர்த்திருப்பாள்.

தண்ணீரிலிருந்து நாங்கள் போடும் கூச்சல் முழுக்க அவள் பெயரில்தான். "அக்கா, துண்டு!" "அக்கா, குடிக்கத் தண்ணி!" "அக்கா, என் முட்டைய யாருக்கும் குடுத்துராத!"

ஒருமுறை அவள் பாயை விட்டு எழுந்து வந்தாள். சாரோங்கை இரு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, அலை கணுக்காலில் மோதுகிற இடத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா இலையைக் கிழித்து முட்டையைத் தூக்கிப் போய்விட்டது.

"என்னா ஜாகா பாத்தே நீ?"

கத்தியவர்களில் உச்சம் என் குரல்தான். போனது என் முட்டையாயிற்றே. அக்கா ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்தாள். தன் முட்டையை எனக்கு வைத்தாள். நான் கூச்சமே இல்லாமல் தின்றேன், சம்பல் தொட்டு. அதற்கப்புறம் பக்கத்துப் பாய்க்காரர்கள் யாராவது "நீ குளிக்கலையாம்மா?" என்று கேட்டால், "ஆழம்னா எனக்கு ஆகாதுங்க" என்பாள். நாங்கள் உடனே நம்பிவிட்டோம். நம்புவதில் எங்களுக்குத்தான் எத்தனை சௌகரியம்!

பால்டிக் மணலில் குந்தியிருந்தபோதுதான், ஜாகா இருக்கிற ஆளுக்குக் கண்ணில் படுவதெல்லாம் மற்றவர்களின் முதுகுகள் என்று தெரிந்தது. சுற்றிலும் பைகளும் துணிகளும் அநாதையாகக் கிடந்தன. அந்தக் கரையில் என்னைத் தவிர ஜாகா யாருமே இல்லை.

"யாரும் எடுக்க மாட்டாங்கப்பா, வாங்க!" என்று மகள் கையசைத்தாள்.

போனேன். பல் கிடுகிடுத்தது. விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். உப்புப் போட மறந்த ரசம். நடந்தேன், நடந்தேன், மகளையும் தாண்டி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் கரையில் மனிதர்கள் அரிசிமணி அளவுக்குச் சிறுத்திருந்தார்கள். தண்ணீரோ முட்டியைத் தாண்டவில்லை. ஆழமே இல்லாத கடல். அக்காவுக்கென்றே யாரோ அளவெடுத்துச் செய்துவைத்ததுபோல் இருந்தது.

இப்போது நீல பஸ் இல்லை. சவுக்கு மரம் இருந்த இடத்தில் ஒரு ஹோட்டலின் மதில் நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அக்கா மட்டும், கைத்தாங்கியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஹாலுக்கும் ஹாலிலிருந்து கட்டிலுக்கும் நகர்ந்துகொண்டிருக்கிறாள்.

மூளை என்று ஒன்று இருந்தால் நான் அதையெல்லாம் யோசித்திருப்பேன். யோசிக்காமல், தண்ணீரில் நின்றபடியே கைப்பேசியில் அவளைக் கூப்பிட்டு, கேமராவைக் கடல் பக்கம் திருப்பினேன். அங்கே சாயங்காலம், அக்கா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாருக்கா! எம்மாந்தூரம் வந்துட்டேன், தண்ணி முட்டி வரைக்கும்தான். ஆழமே இல்லக்கா! அடுத்த வருஷம் உன்னையும் கூட்டிட்டு வரேன், நீயும் இறங்கலாம்லா!"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். திரையில் தெரிந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"முட்டி நல்லா இருந்தப்ப நீ கூப்பிடலையே, தம்பி."