கொக்கிக்குக் கீழே

அன்னூர் ரோட்டில் இருக்கும் அந்த பவுண்டரியில் கிளமென்ட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுசனுங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாருங்க" என்பார்கள். மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு இதைவிட மோசமான நற்சான்று கிடையாது என்பேன். இயந்திரம் கெட்டால் அடித்துச் சொல்ல வேண்டிய ஆளே அவர்தான்.

அங்கே உலையில் உருகிய இரும்பை ஒரு பெரிய வாளியில் பிடித்து, கிரேனில் தூக்கி, அச்சுகளுக்குக் கொண்டுபோவார்கள். வாளிக்கடியில் நின்று அதைச் சாய்த்து ஊற்றுகிறவர் ஜெரோம். அவரும் கிளமென்ட்டும் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு திருப்பலியில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

ஆவணி முடிகிற சமயத்தில் கிரேனின் பிரேக் வழுக்க ஆரம்பித்தது. நிறுத்திய பிறகும் வாளி ஒரு விரற்கடை இறங்கியே நின்றது. போகப் போக அது ஒரு சாணாயிற்று. கிளமென்ட் ராத்தூக்கம் கெட்டு, கோடும் கட்டமுமாகப் படங்கள் தயார் செய்து, காலை மீட்டிங்கில் போட்டுக் காட்டினார். முதலாளி அரங்கசாமி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கிளமென்ட் சொன்னது இவ்வளவுதான்.

"பிரேக் லேசா வழுக்குதுங்கய்யா. முடிஞ்சாப் பாத்துக்கலாமுங்க."

"பாத்துக்கலாமுங்க" என்றார் அரங்கசாமி. "இப்ப ஆர்டர் நெருக்குது. ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாம் நிக்குமல்லங்க, அன்னிக்குக் கழட்டிப் பாத்துப்போட்டாப் போச்சு."

ஆயுத பூஜையன்று ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை அத்தனையும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருக்கும். மறுநாள் எடுக்கும்வரை ஒருவரும் தொட மாட்டார்கள். இது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலாளி சொன்ன பிறகு அதில் குறை கண்டுபிடிப்பது நம் பக்கத்து வழக்கமா என்ன? கிளமென்ட்டும் "சரிங்க" என்று எழுந்து வந்துவிட்டார்.

பூஜையன்று வாளியைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுமல்லி மாலை போட்டு உயரத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அரங்கசாமி குடும்பத்தோடு வந்தார். போட்டோ எடுக்க எல்லோரும் அதற்கு நேர் கீழே போய் நின்றார்கள். பேத்தி ஷ்ரவ்யா பொரியை மென்றபடி அண்ணாந்து மாலையைப் பார்த்தாள்.

கிளமென்ட் அரங்கசாமியின் காதருகே போனார். "ஐயா, கொழந்தைய அங்க நிறுத்தாதீங்க. பிரேக் பிடிக்காது. வாளி எறங்குனா நசுக்கிப்போடும்."

படமில்லை, கோடில்லை. அவர் அதுவரை பேசியதிலேயே தெளிவான பேச்சு அதுதான். அரங்கசாமி மேலே பார்த்தார். பேத்தியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜெரோமும் மற்ற ஆட்களும் பார்க்க, குடும்பத்தையே வாசலுக்கு நகர்த்தினார். "சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்று கிளமென்ட்டின் தோளைத் தட்டினார்.

இனி அந்த கிரேன் ஓடாது என்று கிளமென்ட் நிம்மதியாகப் பொரி தின்றார், பாவம்.

மறுநாள் விஜயதசமி. அவர் உள்ளே நுழையும்போதே உலை கொதித்துக்கொண்டிருந்தது. "நல்ல நேரம் தாண்டறதுக்குள்ள மொத ஊத்து ஊத்திப்போடலாமுங்க. பிரேக்க மத்தியானமாப் பாத்துக்கலாம்" என்றார் அரங்கசாமி, தூரத்தில் ஆபீஸ் படியில் நின்றபடி. ஜெரோம் கையுறையை மாட்டிக்கொண்டு, நேற்று ஷ்ரவ்யா நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார்.

கிளமென்ட் கையிலிருந்த டிபன் பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஜெரோம், வெளிய வா!" என்று கத்தினார். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. "எல்லாரும் தரையில இருக்கற மஞ்சக் கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போங்க. ஐயா, இந்த பிரேக் தாங்காதுங்க. வாளி நெறைய பழைய இரும்பப் போட்டு ஒருக்காத் தூக்கிப் பாருங்க. தாங்குச்சுன்னா ஜெரோம் எடத்துல நானே நின்னு ஊத்தறேன். தாங்கலீன்னா இன்னிக்கு இந்த கிரேன் ஓடாது."

ஆட்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். அரங்கசாமிக்கு முகம் கறுத்தது. ஆனால் ஊற்ற ஆளில்லாமல் அவர் என்ன செய்வார்? வேண்டாவெறுப்பாகத் தலையை அசைத்தார்.

பழைய இரும்பை அள்ளிப் போட்டுத் தூக்கினார்கள். வாளி உயரே போய் நின்றது. ஒரு சத்தமில்லை.

"பாத்தீங்களா, நிக்குது..." என்று அரங்கசாமி ஆரம்பித்தார். மாலை லேசாக ஆடியது. வாளி மெல்ல வழுக்கியது. பிறகு ஒரேயடியாக வந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. ஜெரோம் நின்ற இடத்தில் செண்டுமல்லியும் துருவுமாகச் சிதறிக் கிடந்தன.

அரங்கசாமி படியிறங்கி வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஏனுங்க இன்ஜினியர், இத மொதல்லயே இப்படி வெளக்கமாச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனுங்களா?"

கிளமென்ட் வாயெடுப்பதற்குள் ஜெரோம் சொன்னார். "நேத்தே கேட்டுட்டீங்களேங்க மொதலாளி." குரலில் கோபமில்லை, எப்போதுமுள்ள மரியாதைதான். "பாப்பாவத் தூக்கிட்டுப் போனீங்களல்லங்க."

அரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். கிளமென்ட் சாமி முன்னாலிருந்த ஸ்பேனரை எடுத்தார். இத்தனை நாளாக ஜெரோம் அந்த வாளிக்கடியில் நின்றபோதெல்லாம், தான் ஒருமுறைகூடக் கத்தவில்லையே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெரோமின் முகத்தைப் பார்க்கக் கூசி, பிரேக்கைக் கழற்ற விறுவிறுவென்று கிரேன் ஏணியில் ஏறினார்.