கடிதத்தில் இரண்டு பேர்

வாகரைக்கு அப்பால் இருந்த எங்கள் ஊர் சண்டையில் காலியான மூன்றாவது வாரம், நான் மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்றால் பாய் விரித்துப் படுத்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கார அக்கா சைவ சமயத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சோறும் மீன்கறியும் தருவார். "உறைப்புக் காணுமா புள்ள?" என்று கேட்டால் ஓம், போதும் என்பேன். உறைப்பா புளிப்பா என்று எனக்குத் தெரிந்தால்தானே.

அதற்கு ஒரு மாதம் முன்னால் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் என் கணவரைக் கொண்டுபோயிருந்தார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். முகாம் வாசலுக்குப் போய் நின்றேன். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். இதை மட்டக்களப்பில் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. அழாமல் சொன்னால் இவள் என்ன பெண் என்பார்கள். இந்த வில்லங்கம் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். கேட்டவர்களிடம் அவர் பிறகு வருவார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து, முகம் கழுவி, சபைக்குப் போகிற பழக்கம் மட்டும் உடம்பில் மிச்சம் இருந்தது. அதைப் பக்தி என்று யாரும் நினைக்கவேண்டாம். பசித்தால் வாய் திறப்பதுபோல ஒன்று. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்றதும் அக்கா என்னை மாதா கோயிலுக்கு அனுப்பினார். அங்கே முழங்காலில் நிற்கத் தெரியாமல் திரும்பினேன். அடுத்த வாரம் மெதடிஸ்ட் கோயில். அன்று அங்கே ஒரு கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் போன ஜெப மண்டபத்தில் மேளம் அடித்த அடியில் என் காது இரண்டு நாள் இரைந்தது.

"எல்லாம் ஒரே சாமிதானே புள்ள. கிட்ட இரிக்கிறதுக்குப் போனா என்ன?" என்றார் அக்கா.

"எங்கட வேற அக்கா" என்றேன். விளக்கத் தெம்பில்லை. நாங்கள் பப்டிஸ்ட். எங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. அறிவு வந்த பிறகு ஆளே கேட்டு, தண்ணீருக்குள் முழுதாக அமிழ்ந்து எழவேண்டும். நானும் என் கணவரும் அப்படி ஆற்றில் எழுந்தவர்கள்.

ஐந்தாவது ஞாயிறு, பாலத்துக்கு அப்பால் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் ஓட்டுக்கூரைக் கட்டடம் ஒன்றிலிருந்து ஆர்மோனியமும் பாட்டும் கேட்டு உள்ளே போனேன். சுவரில் படமில்லை, சிலையில்லை. பிரசங்க மேடைக்கு முன்னால் தரையில் சீமெந்துக்குப் பதிலாக நாலைந்து பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன்கீழ் ஞானஸ்நானத் தொட்டி. எங்கள் ஊரில் ஆறு இருந்தது, டவுன்காரர் தொட்டி கட்டிக்கொண்டார்கள். வந்து சேர்ந்துவிட்டேன் என்று விளங்கியது. சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. இனி அலையத் தேவையில்லை என்று கடைசி வாங்கில் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் போதகர் வந்தார். மெலிந்த மனிதர். "எந்தச் சபையில இருந்து வாறீங்க தங்கச்சி? கடிதம் இரிக்கா?"

எங்களில் அது ஒரு முறை. ஊர் மாறுகிற அங்கத்தவருக்குப் பழைய சபை கடிதம் கொடுக்கவேண்டும்: இவர் நற்சாட்சியுள்ளவர், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. புதிய சபை அதை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, கை உயர்த்தி ஏற்றுக்கொள்ளும். அதுவரை பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் சின்னக் கிண்ணங்களில் திராட்சை இரசமும் திருவிருந்தாக வரும்போது மட்டும் தட்டு நம்மைத் தாண்டிப் போகும். காணிக்கைத் தட்டு யாரையும் தாண்டுவதில்லை.

"ஊரே இல்ல ஐயா, கடிதத்துக்கு எங்க போற?"

"அப்ப எழும்பி உங்கட சாட்சியச் சொல்லுங்க. அதிலயும் ஏத்துக்கொள்ளுவம்."

சாட்சி என்றால் என் கதை. கதை சொன்னால் அது என் கணவரிடம் வந்து நிற்கும். கடிதம் வரட்டும் என்றேன். எங்கள் பழைய போதகர் கடல் தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இந்தப் போதகர் விசாரித்து அவருக்கு எழுதினார். மறுமொழி வர எட்டு மாதம் சென்றது. எட்டு முறை தட்டு என்னைத் தாண்டிப் போனது. வாரநாட்களில் அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் காலால் கிளறினேன். வெயில் சுட்டதா என்றுகூட நினைவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனைக்கு முன் போதகர் கடிதத்தை என் கையில் தந்தார். என் பெயரும் என் கணவர் பெயரும் அதில் இருந்தன. கணவனும் மனைவியும் நற்சாட்சியுள்ள அங்கத்தவர்கள், இருவரையும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன் என்று பழைய போதகர் எழுதியிருந்தார். பாவம், சுற்றிவளைப்புக்கு முன்பே கடல் தாண்டியவர், அவருக்குத் தெரியாது.

"இவர் எப்ப வாறார்?" என்றார் போதகர், என் கணவர் பெயரைக் காட்டி.

"அவரக் கொண்டுபோயிட்டாங்க ஐயா."

சொல்லிவிட்டேன். அழுகை வரவில்லை. போதகர் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் கணவர் பெயரை விட்டுவிட்டு வாசிக்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. என் பெயர் மட்டும் ஏறினால், அவர் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படி வாசித்தால் எழுந்து போய்விடுவது, இந்தப் பக்கமே திரும்பக்கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த மனிதர் இன்னும் செய்யாத குற்றத்துக்காக அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாதக்கணக்கில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

ஆராதனைக்குப் பிறகு அங்கத்தவர் மட்டும் இருந்தார்கள், முப்பது பேர் அளவில். என்னை முன் வாங்கில் இருத்தினார்கள். போதகர் கடிதத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். இரண்டு பெயரையும் வாசித்தார்.

சபை நிர்வாகத்தைப் பார்க்கும் உதவிக்காரர் ஒருவர் எழுந்தார். கந்தோரில் எழுதுவினைஞராக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், முறை என்றால் முறை. "ஆள் வராம எப்பிடி ஏத்துக்கொள்ற? ஏத்துக்கொள்ளப்படுறவர் எழும்பி நிக்கவேணும். ஆள் எங்க இரிக்கார்?"

போதகர் எனக்காகப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எழுந்தேன்.

"தெரியா" என்றேன். "சுற்றிவளைப்பில கொண்டுபோனாங்க. மறுகா காணயில்ல."

பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். உதவிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

"சபை தந்த கடிதத்தில ஒரு பேர வெட்ட எங்களுக்கு உரிமையில்ல" என்றார். "ரெண்டு பேரெண்டா ரெண்டு பேர்தான். ஒவ்வொருத்தராக் கேளுங்க ஐயா."

முதலில் என் பெயருக்கு வாக்குக் கேட்டார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. போதகர் அங்கத்தவர் புத்தகத்தில் எழுதினார். பிறகு என் கணவரின் பெயரைச் சொன்னார். வீட்டில் நான்கூடச் சொல்லாத அந்த முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். கைகள் உயர்ந்தன. நான் மடியில் கைவைத்தபடி இருந்தேன்.

"தங்கச்சி, இப்ப நீங்களும் அங்கத்தவர்" என்றார் போதகர். "உங்களுக்கும் வாக்கு இரிக்கி."

கையை உயர்த்தினேன். எண்ணி முடித்து எல்லோரும் இறக்கினார்கள். என்னுடையது இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். அப்போதுதான் அழுதேன்.