பத்தரைக்கு மேல் தண்ணீர் கிடையாது

மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையோரம், சுவரில் முயலும் மாம்பழமும் வரைந்த மழலையர் பள்ளி ஒன்று உண்டு. ஹைருன் பீவி அங்கே பதினோரு வருஷமாக ஆயா. அறுபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு கழிப்பறை, ஒரே ஆயா. மூக்குச் சிந்துவது, கால் கழுவி விடுவது, வாந்தி துடைப்பது எல்லாம் அவள் வேலை. டீச்சர்கள் வருவார்கள், கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள். எந்தப் பிள்ளை கடிக்கும், எது அழ ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது என்று புது டீச்சருக்குச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

"ஒரு டிகிரி மட்டும் இருந்தா உங்களையே டீச்சரா ஆக்கிருவேன் ஹைருன்மா" என்று தாளாளர் நாகராஜன் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தாள். நாற்பத்து மூன்று வயதில், முன்பருவக் குழந்தைக் கல்வி, பராமரிப்புப் பட்டப்படிப்பில் தொலைநிலைக் கல்வி வழியாகச் சேர்ந்தாள். சனி, ஞாயிறு தென்காசியில் வகுப்பு. மூன்றாம் வருஷத்தில் மிச்சம் இருந்தது செய்முறை ரெக்கார்டு நோட்டு மட்டும்தான்.

ஒரு பிள்ளையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது, பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஏன் செய்கிறது என்று எழுதக் கூடாது. கடைசிப் பக்கத்தில் பள்ளித் தாளாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

மகள் ஜுஹைனா சிரித்தாள். "உம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில போன வருஷத்து ரெக்கார்டே கிடைக்குதாம். பேரை மாத்தி எழுதுனாப் போதும். இதுக்குப் போயி வாட்சக் கட்டிக்கிட்டு அலையுதீங்க."

"ஏட்டி, புள்ளையப் பாத்து எழுதச் சொல்லுதாங்க. நீ கடையப் பாத்து எழுதச் சொல்லுதியா?"

அவள் தேர்ந்தெடுத்தது அபியை. மூன்றரை வயது. ஓடாது, கத்தாது, வேலைக்கு நடுவே கவனிக்கத் தோதான பிள்ளை. பாக்கெட் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பெரிய நோட்டில் எழுதினாள்.

பத்தாம் நாள் மதியம், சோற்றை வடித்துவிட்டு, எழுதியது எல்லாவற்றையும் முதல் முறையாக ஒன்றாகப் படித்தாள்.

9.20: இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். 10.30: ஆயா பாட்டில்களை எடுத்து அலமாரி மேல் வைத்தார். 10.50: அலமாரி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். 11.10: சட்டைக் காலரைச் சப்பினாள். 11.40: கை கழுவிய ஈரத்தை நக்கினாள்.

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே.

பத்தரைக்கு மேல் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடையாது. அது அந்தப் பள்ளியின் விதி. பன்னிரண்டரைக்கு வேன் கிளம்பும். வழியில் பிள்ளைகள் ஒன்றுக்குப் போய்ச் சீட்டு நனைகிறது என்று டிரைவர் கத்தியதில், அவள் வேலைக்குச் சேரும் முன்பே பிறந்த விதி. முதலில் அந்த டிரைவர் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு நாகராஜன் மேல். பிறகு வாயைத் திறக்காத டீச்சர்கள் மேல். எல்லாரையும் திட்டி முடித்த பிறகும் 10.30 என்ற வரி அங்கேயே கிடந்தது. அந்த ஆயா யார் என்று அவளுக்குத் தெரியும்.

அபியின் அம்மா ஆனந்தவள்ளி போன மாதம் வாசலில் நின்று கேட்டிருந்தாள். "ஒண்ணுக்குப் போகும்போது எரியுதுன்னு அழுதா ஆயாம்மா. தண்ணி குடிக்கமாட்டாளான்னு டாக்டர் கேக்காரு." அதற்கு இவள் சொன்ன பதில்: "வீட்டுல நல்லாக் குடுங்கம்மா." எத்தனை பிள்ளைகளின் ஜட்டியைக் கசக்கியிருக்கிறாள்! அந்தக் கடும் மஞ்சள் கறை அவள் கண்ணில் படாமலா இருந்தது? சோறு ஆறிப்போனது. அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, ஓட்டல் பார்சலில் வரும் ரப்பர் பேண்டுகளை ஒரு டப்பா நிறைய எடுத்துப் போனாள். ஒவ்வொரு பாட்டிலிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஒன்றை மாட்டினாள். பத்தரைக்கு வழக்கம்போலப் பாட்டில்களை மேலே வைத்துவிட்டு, நோட்டோடு நாகராஜன் அறைக்குப் போனாள்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். "என்னம்மா இது? நம்ம ஸ்கூல நாமளே நாறடிக்கவா? பாட்டில எடுத்து மேல வச்சது நீங்கதான?"

"ஆமா சார், நான்தான். அதையும் எழுதியிருக்கேன். நாலாம் பக்கம்."

"அந்தத் தண்ணி விஷயத்த மட்டும் எடுத்துட்டு வேற நோட்டு எழுதிக் கொண்டாங்க. இப்பமே கையெழுத்துப் போடுதேன். ஜூன்ல நீங்க டீச்சர்."

"நாளையிலருந்து பாட்டில் கீழ இருக்கும், புள்ளைங்கள ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போக இன்னொரு ஆயா போடுதேன்னு சொல்லுங்க. இந்த நோட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, நீங்க சொல்லுதபடியே எழுதுதேன்."

நாகராஜன் சிரித்தார். "ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு ஆயாவா? ரெண்டு மணி நேரம் தண்ணி குடிக்கலன்னா செத்தா போயிருவாங்க?"

அவர் மேஜையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. ஹைருன் அதை எடுத்து, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டாத பீரோ மேல் வைத்தாள்.

"பன்னெண்டரைக்கு வந்து எடுத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பன்னிரண்டு இருபதுக்கு எல்லாப் பாட்டில்களையும் துணி முக்கும் பெரிய வாளிகளில் அள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைகளைக் கூப்பிட வந்த பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் வெயிலில் நின்றார்கள்.

"எல்லாரும் அவங்கவங்க பாட்டிலப் பாருங்க. ரப்பர் பேண்டு இருக்கது காலையில தண்ணி நின்ன இடம். இப்ப எங்கன நிக்குன்னு பாருங்க."

ஆனந்தவள்ளி அபியின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை.

"ஏன் குடிக்கல?"

"குடுக்கல. பத்தரைக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு இங்க விதி. எடுத்து ஒளிச்சு வைக்கது நான்."

"அப்ப அன்னைக்கு வீட்டுல குடுங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். பாதியத்தான் சொன்னேன்."

ஆனந்தவள்ளியின் முகம் சிவந்தது. மூடியைத் திறந்து பிள்ளையிடம் கொடுத்தாள். அபி இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். தண்ணீர் தாடையில் வழிந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சீசனுக்கு ஊரு உலகமே வந்து நம்ம அருவியில குளிக்குது. எம்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணிக்கு வழியில்லையா?" என்று ஆனந்தவள்ளி கத்தினாள். "சாரக் கூப்புடுங்க! உங்களையும் சேத்துத்தான் கேக்கேன் ஆயாம்மா!"

"கேளுங்க" என்றாள் ஹைருன். "கேக்கத்தான் வேணும்."

அன்றைக்கே வேலை போனது. கையெழுத்து கிடைக்கவில்லை. தென்காசிப் படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜெஸ்வின் நோட்டைப் படித்தார். இவ்வளவு ஒழுங்கான ரெக்கார்டு தான் பார்த்ததில்லை என்றார். முத்திரை இல்லாமல் வாங்க முடியாது என்றும் சொன்னார். "வேற ஸ்கூல்ல திரும்பச் செய்யணும். ஒரு வருஷம் போகுதே மேடம்."

"புள்ளைங்களுக்குப் பதினோரு வருஷம் போயிருக்கு" என்றாள் ஹைருன். மறுபடி பதிவு செய்துகொண்டாள்.

ஜூன் மாதம் பண்பொழியில் ஒரு பால்வாடியில் ரெக்கார்டைத் திரும்பச் செய்ய இடம் கிடைத்தது. முதல் நாள் உள்ளே போனதும் அவள் தேடியது தண்ணீர்ப் பாட்டில்களை. ஜன்னலோரம், தரையில் வரிசையாக இருந்தன. ஒரு பையன் வந்து தன்னுடையதை எடுத்துக் குடித்துவிட்டுப் போனான். அவள் கடிகாரத்தைப் பார்த்து அதை எழுதிக்கொண்டாள்.

அந்த வாரமே ஜுஹைனா செய்தி கொண்டுவந்தாள். "உம்மா, மேலகரம் ஸ்கூல்ல இப்ப ரெண்டு ஆயாவாம். பாட்டில் எல்லாம் கீழ பெஞ்சுலதான் இருக்காம். சந்தோஷந்தானே?"

ஹைருன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கே நான் கீழ வச்சிருக்கலாம்லா" என்றாள். வாட்சைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.