பச்சை பூத்த மவுத்பீஸ்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எங்கள் மாதா கோயில் பேண்டில் கிளாரினெட்டும் வாசிப்பேன். பேண்டில் மூன்று கிளாரினெட்டுகள். திருவிழா நெருங்கிய நேரத்தில், ஃபாதருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார், மூன்றிலும் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ்களைக் கழற்றி, சலவைச் சோடா போட்ட கொதிநீரில் ஊற வைத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது, கன்னங்கரேலென்று இருந்தவை பாசி பிடித்த கல் மாதிரி பச்சையும் பழுப்புமாகக் கிடந்தன. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“எல்லாருக்கும் நொம்பச் சளிங்க. வாயில வெக்கற சாமானாச்சே, சுத்தம் பண்ணலாம்னு…”

மைப் பேனா செய்கிற அதே கெட்டி ரப்பர் அது. உள்ளே கந்தகம் உண்டு. வெயிலும் வெந்நீரும் ஆகாது என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டியவர்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எலுமிச்சைச் சாற்றால் துடைத்தேன். பச்சை கொஞ்சம் போயிற்று. பிறகு மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மேற்புறத்தை மட்டும் தேய்த்தேன். நுனியையும், ரீடு என்கிற நாணல் பட்டை உட்காரும் தட்டைப் பக்கத்தையும் தொடக் கூடாது. மயிரிழை தேய்ந்தாலும் சத்தம் கெட்டுவிடும். தேய்க்கத் தேய்க்க நாற்றம் மறுபடி கிளம்பியது.

“ஏனுங்க, இது சோறு திங்கற ஊடுங்களா, வேற என்னங்களா?” என்று மனைவி என்னை வாசலுக்குத் துரத்தினாள். கடைசியாகப் பூச எடுத்த தேங்காயெண்ணெய் குளிரில் கல்லாக உறைந்திருந்தது. அதை உருக்க மறுபடி அடுப்படிக்குப் போய் இன்னொரு திட்டு வாங்கினேன்.

தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தபோது இரண்டு மவுத்பீஸ்கள் கறுப்புக்குத் திரும்பியிருந்தன. மூன்றாவது பழுப்பாகவே நின்றது. போதும் என்று மூன்றையும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டேன்.

திருவிழாவன்று மூன்றும் பளபளவென்று மின்னின. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தேர் கிளம்பி, முதல் பாட்டை ஆரம்பித்ததும் வாயில் மண்ணெண்ணெய்க் கசப்பு. பக்கத்தில் வாசித்தவரைத் திரும்பிப் பார்த்தேன். உதடெல்லாம் கரி. அவர் என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். நிறுத்தவும் முடியாது, பின்னால் ஊரே வருகிறது.

தேர் நிலைக்கு வந்ததும் உபதேசியாரைப் பிடித்தேன்.

“பூட்ஸ் பாலிஷா போட்டீங்க?”

“அந்த ஒண்ணு மட்டும் மங்கலா இருந்துச்சுங்க. அப்பறம் மூணும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு… ஃபாதர் பூட்ஸுக்குப் போடறதுங்க, நல்ல பாலிஷுங்க.”

நான் கத்தியதில் கூட்டம் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று அவருக்குத்தான் கோபம். கோபப்பட வேண்டியவன் நானா, அவரா என்று வீட்டில் வந்து பொருமினேன்.

“மொதல்ல அந்த ஒதட்டத் தொடச்சுட்டு வாங்க,” என்றாள் மனைவி.

பாலிஷைச் சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழுப்பு மவுத்பீஸை என் கிளாரினெட்டுக்கே எடுத்துக்கொண்டேன். அதன் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்றையும் என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உபதேசியார் சாவி கேட்டு ஆள் அனுப்பினார். கொடுக்கவில்லை.