நாற்றம் பிடித்த நான்கு தொட்டிகள்

அந்தப் புதன்கிழமை காலை கிளைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: மேலாளர், காசாளர் மேடம், ஏணியில் ஏறி நின்ற ஏசி மெக்கானிக், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். பெருக்கித் துடைக்கும் அக்காவைக் கீழே மாடிப்படிப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள். என் அம்மா அந்தக் கிளைக்கு ஒருநாளும் வந்ததே இல்லை. குலசேகரத்துக்கு மேலே எங்கள் வீட்டு வாசலில் அந்நேரம் மீன்வண்டிக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்திருப்பாள். ஆனாலும் அன்று அங்கே பேசப்பட்டது முழுக்க இந்த இருவரைப் பற்றித்தான். அதில் ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிளை என்றால் நகையை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் தக்கலைக் கிளை. முதல் மாடி. நகை இருக்கிற இடம் என்பதால் ஜன்னல் கிடையாது. காலையில் கதவைப் பூட்டி ஏசியைப் போட்டால் சாயங்காலம் வரை உள்ளே இருக்கிற காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன். பி.காம். முடித்து, அப்பா ரப்பர் பால்வெட்டப் போகும் தோட்டத்துக்குப் போகாமல், இந்த ஏசிக்குள் வந்து உட்கார்ந்தபோது ஊரில் என் அம்மா பேருந்தில் கண்டக்டரிடம்கூட அதைச் சொன்னாள்.

செடிகள் என் யோசனை. மேல் அலுவலகத்திலிருந்து கிளையைக் கொஞ்சம் பச்சையாக வைக்கச் சொல்லி வந்திருந்தது. மேலாளர், "தம்பி, வெயிலு கேக்கப்பிடாது, தண்ணி கேக்கப்பிடாது, நம்மள ஒண்ணும் கேக்கப்பிடாது. அப்பிடி ஒரு செடி இருந்தா பாரு" என்றார். "கல்யாணத்துக்கு முன்ன எங்க வீட்டுக்காரரு தேடுன பொண்ணு மாதிரி இருக்கே சார்" என்று சொல்லிக் காசாளர் மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த மாதிரி வேலைகளை நான் பரீட்சை மாதிரி எடுத்துக்கொள்வேன். இரண்டு வாரம் கைபேசியில் வீடியோ பார்த்தேன். பிறகு நெடுஞ்சாலை ஓரத்து நர்சரிக்குப் போய், வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளான்ட் இரண்டு, இலை பளபளக்கும் இசட் இசட் ஒன்று, இலையில் சிவப்புத் தீற்றல் போட்ட அக்லோனிமா ஒன்று வாங்கினேன்.

இவற்றைச் சாகடிக்க ஒரே வழிதான் உண்டு, அதிகமாகக் கவனிப்பது. இசட் இசட்டுக்கு மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு இருக்கிறது. வேண்டிய தண்ணீரை அதுவே சேர்த்து வைத்துக்கொள்ளும். மேல்மண் ஈரமாக இருக்கும்போது இன்னும் ஊற்றினால் கிழங்கு அழுகும். அதனால் திங்கள்கிழமைதோறும் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விடுவேன். விரல் காய்ந்து வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்; மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான். மீந்த குடிநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களுக்காக "தயவுசெய்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்" என்று எழுதி ஒட்டவும் செய்தேன்.

பிறகு கிளைக்கு வெள்ளையடிப்பு வந்தது. ஒரு வாரம் எங்களைப் பக்கத்து ஊர்க் கிளையில் போட்டார்கள். பெயின்ட் வாடைக்கு நடுவே செடிகளை விட மனமில்லாமல் நான்கையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். முன்னறையில் வரிசையாக வைத்தேன்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தாள்.

"இது பூக்குமா மக்கா?"

"இல்லம்மா."

"காய்க்குமா?"

"காய்க்காது."

"பின்ன என்னத்துக்கு?"

"காத்தச் சுத்தமாக்கும்."

"ஓ, இங்க இல்லாத காத்து! எவ்வளவு குடுத்த?"

நான் விலையைப் பாதியாகச் சொன்னேன். அதற்கே அவள் வாயில் கை வைத்தாள். "ஒண்ணும் ஊத்தாதே, ஒண்ணும் செய்யாதே, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து கிளையின் மூலையில் வைத்துப் பூட்டினோம்.

திங்கள்கிழமை கதவைத் திறந்ததும் மேலாளர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்தார். "யாரு மீனு கொண்டு வந்தது?"

காசாளர் மேடம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "செத்த நாத்தமா இருக்கே சார்!"

எனக்குப் பெயின்ட் வாசனை மட்டுந்தான் தெரிந்தது. இழுத்து முகர்ந்தேன். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நானும் கர்ச்சீப்பை எடுத்தேன். "ஆமா சார், பயங்கரமா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கல்லூரியில் ஆங்கிலத்தில் யாராவது ஒரு வேடிக்கை சொல்லி எல்லோரும் சிரித்தால், புரியாவிட்டாலும் நானும் ஒரு கணம் பிந்திச் சிரிப்பேன். எல்லோருக்கும் தெரிகிற ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது பழகிப்போன காரியம். அதில் யாருக்கும் கேடு வரும் என்று நினைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஏசி மெக்கானிக் வந்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். எலி இல்லை, பல்லி இல்லை. அதற்கப்புறம் எல்லோருடைய கண்ணும் அக்கா பக்கம் போனது. அவர் கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர். வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

மேலாளர் அவரது சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கச் சொன்னார். சோறு, பயற்றங்காய்த் தோரன், ஒரு துண்டு மாங்காய்.

"நேத்து கொண்டு வந்தியாம்மா?"

"இல்ல சார். இங்க மீனு கொண்டு வரப்பிடாதுன்னு சொன்ன அண்ணைக்கே நிறுத்தியாச்சி."

"உடுப்புல பிடிச்சிருக்கும். வீட்டுல மீனுதானே எப்பவும்?"

"நான் குளிச்சி, தொவச்ச சேலையக் கட்டிட்டுத்தான் வாறேன் சார். வேணும்னா மேடம் மோந்து பாக்கட்டும்."

மேடம் தலையைக் குனிந்து பணக்கட்டை மீண்டும் எண்ணத் தொடங்கினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மூக்கில் வைத்த கர்ச்சீப்பை எடுக்கவில்லை. எந்த நாற்றமும் தெரியாத நான், நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை மெக்கானிக்கைத் திரும்ப வரவழைத்தார்கள். அவர் ஏணியில் நின்றபடி, "ஏசியில ஒண்ணுமில்ல சார், எத்தன தடவ கழுவுனாலும் இதுதான்" என்றார். மேலாளர், அக்காவை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். ஆளை மாற்றித் தரச் சொல்லத்தான். அக்காவின் மகள் நர்சிங் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக் கூலியும் இன்னொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கூலியும் சேர்ந்தால்தான் அந்தப் படிப்பு ஓடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் மேடமே அவருக்குக் கைமாற்று கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூலைக்குப் போய், பழக்கதோஷத்தில், இசட் இசட் தொட்டிக்குள் விரலை விட்டேன். மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் விட்டு மூன்று வாரம் ஆகிறது. திங்கள்கிழமை அந்த அமளியில் விரல் விட்டுப் பார்க்கவும் மறந்திருந்தேன். விரலை வெளியே எடுத்தேன். நகத்தோரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. சாளை மீன் செதில். டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது.

எங்கள் பக்கத்தில் மீன் கழுவின தண்ணீரைச் சும்மா கொட்டும் வீடு கிடையாது. கறிவேப்பிலை மரத்தடியிலோ முருங்கை மூட்டிலோதான் ஊற்றுவார்கள். தலையும் குடலும் இருந்தால் குழி தோண்டிப் புதைப்பார்கள். ஒரு வாரம் முன்னறையில் நின்ற நான்கு செடிகளை அம்மா பட்டினி போட்டிருப்பாளா?

"ஆமா, இண்ணைக்கே வேற ஆள அனுப்புங்க" என்று மேலாளர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் "சார், நாத்தம் செடியில இருந்து" என்றேன். "எங்க அம்ம மீன் கழுவின தண்ணி ஊத்தியிருக்கா."

மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கி வந்து ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைக் கிளறினார். "எம்மோ! சார், சாளத் தலை முழுசா கெடக்கு. ரெண்டு மொளகா கிள்ளிப் போட்டா கொழம்பு வச்சிரலாம்." தொட்டியில் ஒட்டியிருந்த என் கையெழுத்தை வாசித்தார். "தண்ணி வேண்டாம்னுதான் எழுதியிருக்கு. மீனு வேண்டாம்னு எழுதல்லியே தம்பி!"

மேலாளரும் சிரித்துவிட்டார். போனை மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஆட்டோவுல கூட இருந்துதானே கொண்டு வந்த? உனக்கு நாறல்லியா?"

"இல்ல சார்."

"மூணு நாளா மூக்கப் பொத்திட்டு நிக்கியே?"

 மேடம்தான் எனக்காகப் பேசினார். கிண்டல் இல்லை, பரிவாகத்தான் சொன்னார்: "அவனுக்குத் தெரியாது சார். ரப்பர் வீடுல்லா. ஒட்டுப்பாலு நாத்தத்துல கெடந்த மூக்கு."

அது உண்மை. பால்வெட்டும் வீட்டில், மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலைப் பிய்த்துச் சாக்கில் சேர்த்து வைப்பார்கள். மழைக்காலத்தில் அந்தச் சாக்கு நாறுவது தெரு முனை வரை போகும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை. அதற்கு நடுவே சாளைத்தலை அழுகினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மேடம் இதை எப்படி இவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று நினைத்தபோதுதான் எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், "அண்ணன் துபாய்ல இருந்து கொண்டு வந்தது, வீட்டுல நெறய கெடக்கு" என்று ஒரு சென்ட் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனவர் அவர். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டு, தீர்ந்துவிடுமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போட்டுக்கொண்டேன்.

கீழே போனேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார், பை மடியில். நடந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டு மீன்தண்ணீர்தான் என்று சொன்னேன். எனக்கு நாற்றமே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொன்னால் கொஞ்சம் மன்னிப்பார் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அவர் எழுந்து நின்றார். "நாத்தம் தெரியாமலாக்கும் எனக்க மொகத்துக்கு நேர மூக்கப் பொத்துன?"

"அக்கா..."

"அந்த சாருக்கு நாறிச்சி, பொத்துனாரு. மேடத்துக்கும் நாறிச்சி. உனக்கு என்ன நாறிச்சி தம்பி?"

மேலாளர் இறங்கி வந்து, "சரிம்மா, வா வா, வந்து வேலையப் பாரு" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. அக்கா வரவில்லை. ஒப்பந்தக்காரரிடம் சொல்லி நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு பேருந்துக்குப் பதில் இரண்டு பேருந்து ஏற வேண்டும். "நாத்தம் போனாலும் அங்க இருக்கது அதே மூக்குதானே" என்று மேடத்திடம் போனில் சொன்னாராம். புகார் வந்ததென்று அந்த மூன்று நாள் கூலியை ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் நான்கு செடிகளையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் மண்ணை உதறினேன். இசட் இசட்டின் கிழங்குகள் விரல் பட்டதும் கூழாகின. அக்லோனிமாவின் வேர் கறுத்துப் போயிருந்தது. ஸ்நேக் பிளான்ட் இரண்டும் தப்பித்தன. அழுகின வேரை வெட்டி, நிழலில் காயவைத்து, புது மண்ணில் வைத்தேன். அவை இப்போதும் கிளையின் மூலையில் இருக்கின்றன.

சாயங்காலம் அம்மாவிடம் கத்த வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். கதையைக் கேட்டு முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கறிவேப்பிலைக்கு ஊத்துறதத்தான் ஊத்துனேன். உனக்க செடின்னு ரெண்டு தலையும் சேத்துப் போட்டேன்." அக்காவின் கதைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அந்தப் பிள்ளைக்கு வேல போச்சா?"

"போகல்ல. அவங்களே போயிட்டாங்க."

 அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அதையும் முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல்லியே மக்கா" என்றாள். "நான் வந்தா உனக்குக் கொறச்சலா இருக்கும்னுதான் உனக்க ஆபீசுக்கு ஒருநாளும் வராம இருந்தேன். இப்ப நானே வந்தது போல ஆயிட்டே."

நான் கத்தவில்லை. 

சம்பளம் வந்ததும் நானும் அம்மாவும் சேர்ந்து கணக்கைத் தீர்த்தோம். மெக்கானிக் இரண்டு தடவை வந்ததற்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது. செத்த செடிகளுக்குப் பதில் செடி, புது மண், எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது. அக்காவின் மூன்று நாள் கூலி ஆயிரத்து இருநூறு. அதை நான் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனபோது அவர் வாங்கி, எண்ணிப் பார்த்து, உள்ளே போய்விட்டார். ஆகமொத்தம் மூவாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.