ஊ சான் லுவின் வீட்டு மாடியில் உடைத்த தேங்காய்

ஊ சான் லுவின் போய்விட்டார். விடியற்காலையில், தூக்கத்திலேயே... அவர் மகள் போனில் சொன்னாள்.

தின்கன்ஜூனில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். குடை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

யாங்கோனில் கட்டட வேலை செய்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கான்ட்ராக்டர். என் மென்டர்.

மென்டர் என்ற வார்த்தையை முதலில் கிண்டலாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்களும் சிறுபான்மையினரும் நடத்தும் சின்ன கம்பெனிகளை ஒரு பெரிய கான்ட்ராக்டரோடு சேர்த்துவிடும் புரோகிராம் அது. படிவத்தில் நான் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன்.

ஒரு குரூப் போட்டோ, ஒரு சர்டிஃபிகேட், ஒரு டீ. அதோடு முடியும் என்று நினைத்தேன்.

மொட்டைமாடி ஒழுகாமல் வாட்டர்புரூஃபிங் போடுவது என் தொழில். அதைப் பல வருடங்களாக வேறு யாராவது பெயரில்தான் செய்துகொண்டிருந்தேன். என் கம்பெனி பெயரிலேயே ஒரு வேலை வேண்டும்... ஒன்றே ஒன்று போதும்.

அவருடைய அம்மா தமிழ், அப்பா பர்மியர். வளர்ந்தது யாங்கோனின் லான்மடாவ் பகுதியில். கோபம் வந்தால் பர்மிய மொழி, கேலி என்றால் தமிழ். முதல் நாள் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"சயாமா, நீங்க யூனிவர்சிட்டி. நானு எட்டாங்கிளாஸு. இதுல யாரு யாருக்குச் சொல்லித் தர்றதாம்?"

சயாமா என்றால் டீச்சரம்மா, சயா என்றால் சார். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, என் வூட்டு மாடில போட்டுக் காட்டுங்க. ஒழுகுனா என் தலைலதான ஒழுகும்."

போட்டோம். மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே ஹாலில் தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பரில் தெரிந்துவிடும். அவரே குனிந்து ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது.

பிறகு அந்த வருடத்தின் முதல் பெருமழை. காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தவர் கையில், ஹாலில் சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பேசின்.

மாடிக்கு ஓடினேன். நடுவில் கட்டைவிரல் நீளத்துக்குப் பூச்சு பிளந்திருந்தது. வடிகால் மூலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு...

என் ஃபோர்மேன் முருகேசனை வரவழைத்தேன். அவன் வேலைதான். டெஸ்ட் பாஸ் ஆன சந்தோஷத்தில் சூடம் கொளுத்தி, மாடியை மூன்று சுற்று சுற்றி, புதுப் பூச்சின் மேலேயே ஓங்கி ஒரு தேங்காய் உடைத்திருக்கிறான்.

"கண்ணு பட்டுரக் கூடாதேன்னுதான்க்கா..."

"கண்ணு படலடா முருகேசு. தேங்காதான் பட்டுருச்சு." ஊ சான் லுவின் பேசினோடு படியில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பு தாங்காமல்.

நான் சிரிக்கவில்லை. "தப்பு எங்களோடது. சரி பண்ணித் தர்றோம்" என்றேன். தார்ப்பாய் கட்டி, காயவைத்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பேப்பர்.

சில மாதம் கழித்து கியாக்தானில் ஒரு ஹாஸ்டல் மாடி வந்தது. என் பெயரிலேயே கொட்டேஷன் கொடுத்தேன். சொந்தக்கார அம்மாளுக்குத் தயக்கம். "பெரிய கம்பெனி யாராச்சும் பொறுப்பு எடுத்துக்கிட்டா..." என்று இழுத்தார்.

ஊ சான் லுவினிடம் போய், அவர் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டேன். பர்மிய மொழிக்கு மாறிவிட்டார்.

"என் லெட்டர் போனா வேலை என்னுதா ஆயிடும். அப்புறம் உங்க பேரு எங்க இருக்கும்?"

பத்து நாள் அவரோடு பேசவில்லை. மென்டராம்...

முடிவு சொல்கிற நாளில் கியாக்தானுக்குத் தனியாகத்தான் போனேன். அந்த அம்மாள் வீட்டில் ஊ சான் லுவின் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் அவரிடமே கேட்டார். "இவங்க போட்டா ஒழுகாதுல்ல?"

"ஒழுகுச்சே. என் வீட்ல."

பத்து வருடமாகத் தேடிய வேலை கண் முன்னால் போகிறது.

"ஆனா நான் போன் பண்றதுக்குள்ள மழைல வந்து வாசல்ல நின்னாங்க. இதுவரைக்கும் உங்களுக்கு மாடி போட்டவங்கள்ல எத்தன பேரு மழைக்காலத்துல போனை எடுத்தாங்க?"

அம்மாள் என் பக்கம் திரும்பி, ஏன் ஒழுகியது என்று கேட்டார். தேங்காய்க் கதையை மறைக்காமல் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என் மாடில ஒடைக்க மாட்டீங்களே?"

"வாசல்லதாம்மா ஒடைப்போம்."

வேலை கிடைத்தது. என் கம்பெனி பெயர் எழுதிய முதல் போர்டு அந்த ஹாஸ்டல் வாசலில்தான் நின்றது.

திரும்பும்போது அவர் காரில் சண்டை போட்டேன். "அதப் போயி ஏன் சொன்னீங்க சயா?"

"ஒழுகாதுன்னு எல்லாரும்தான் சொல்றான் சயாமா. எவன் நம்புறான்?"

அதற்குப் பிறகு எத்தனையோ மாடி. எல்லாம் என் பெயரில். எங்கள் வேலைமுறைத் தாளின் கடைசி வரி, அவர் கட்டாயப்படுத்தி எழுதவைத்தது, இன்றும் அப்படியே இருக்கிறது: தேங்காய் வாசலில் மட்டும்.

இன்று ஹாலில் கூட்டம். பிக்குகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை கொட்டியது.

அன்று பேசின் வைத்திருந்த இடத்தில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கும்பிட்டுவிட்டு எழுந்தவள் என்னை அறியாமல் மேலே பார்த்தேன்.

பக்கத்தில் முருகேசன். அவனும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒழுகல சயா. நிம்மதியா போய்ட்டு வாங்க.