இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு

இரும்பு ஸ்கேலை அச்சடித்த தாளின் ஏழாவது வரிக்கு அடியில் வைத்து, இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார். வலது கை கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எண்களை இடுகிறது. பத்து, இருபது, இருபத்தொன்று. ஒரு வரியைத் தாண்ட உதடு இரண்டு முறை அசைய வேண்டும். மொத்தமே பதினொரு வரிதான். இது மூன்றாவது வாசிப்பு.

“எழுதினவங்க அரை நாள்ல எழுதியிருப்பாங்க. இவருக்குப் படிக்க ஒரு வாரம்” என்பார் மனைவி. ஆபீசில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

கணினியின் அடிமட்ட நிரலான கெர்னலுக்கு வந்து சேரும் திருத்தங்களைப் படித்துப் பார்ப்பது அவர் வேலை. ‘பார்த்தேன்’ என்று அவர் பெயர் விழாமல் அவர் பொறுப்பில் உள்ள பகுதிக்குள் எதுவும் போகாது. இதைப் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். பிறர் எழுதியதைப் படித்தே கற்றுக்கொண்டவர். தப்பைக் கண்டுபிடித்தால் சந்தோஷம் காட்டமாட்டார். “இருக்கும்னு தெரியும்” என்று மட்டும் சொல்வார்.

பெரிய கணினிகளில் நினைவகம் ஒரே இடத்தில் இருக்காது. பல கூறுகளாகப் பிரிந்து கிடக்கும். தன் கூறு என்றால் பத்து, பக்கத்துக் கூறு இருபது, அதற்கும் அப்பால் முப்பது எனத் தொலைவுக்கு எண் உண்டு. இங்கிருந்து அங்கே எவ்வளவு என்று கேட்டால் எண்ணைச் சொல்லும் சின்னத் துணை நிரல்தான் மேசையில் இருப்பது. எழுதியவள் வேறொரு கம்பெனியின் ஒப்பந்த ஊழியை. முகம் பார்த்ததில்லை, மெயில் பழக்கம்தான்.

முதல் முறை அவள் போவதற்கு ஓர் எண், வருவதற்கு ஓர் எண் என்று பட்டியலை முழுதாக வைத்திருந்தாள். போகிற தூரம்தானே வருகிற தூரம், பாதி போதும் என்று திருப்பி அனுப்பினார். சில இயந்திரங்களில் மாறலாம் என்று அவள் எழுதினாள். அப்படி ஓர் இயந்திரத்தைக் காட்டச் சொன்னார். அவளிடம் இல்லை. பாதியாக்கினாள், அதிலும் இரண்டு தடவை குறை சொன்னார். இந்த வெளியீட்டுச் சுற்றில் உள்ளே போனால்தான் என் ஒப்பந்தம் நீடிக்கும் என்று ஒரு மெயிலின் கடைசியில் எழுதியிருந்தாள். அவசரத்துக்குப் பெயர் போடுவதில்லை என்று பதில் போட்டார். நாலாவது வடிவம் வருவதற்குள் கெடு முடிந்துவிட்டது. சில மாதமாக அது உள்ளே போகாமல் அவர் மேசையிலேயே கிடக்கிறது.

இன்று காலை சோதனைக்கூடத்திலிருந்து புது இயந்திரத்தின் பட்டியல் வந்தது. இரண்டாம் கூறிலிருந்து மூன்றுக்கு இருபத்தொன்று. மூன்றிலிருந்து இரண்டுக்கு முப்பத்தொன்று. எத்தனை முறை நோட்டில் இட்டுப் பார்த்தும் எண்கள் மசியவில்லை.

“புது மெஷின் வந்திருக்கு, அதனால மாத்தறோம்னு ஒரு வரி போட்டுடுங்களேன். யாருங்க கேக்கப் போறா?” என்றார் மனைவி.

“அவதான் அன்னிக்கே சொன்னாளே.”

அவள் கம்பெனி முகவரிக்குப் போட்ட மெயில், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. அவளுடைய முதல் மெயிலின் அடியில் ஃபோன் நம்பர் இருந்தது.

“நான்தாம்மா, உங்க ப்ரோக்ராமைப் பாத்தவன்.”

“சொல்லுங்க சார். அஞ்சாவது தடவை எழுதணுமா?”

“இல்லம்மா. நீங்க முதல்ல அனுப்பினதுதான் சரி. நான்தான் தப்பு.”

நோட்டை மூடி வைத்துவிட்டு அவரே கேட்டார்.

“இப்ப எங்க வேலை?”

“வீட்டுலதான். நாலு இன்டர்வியூ போனேன். என் பேர்ல எது கெர்னலுக்குள்ள போயிருக்குன்னுதான் எடுத்ததும் கேக்கறாங்க.”

“இது போகும்.”

“இப்பவா சார்?”

 அவளுடைய சொந்த மெயில் முகவரியைக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொல்லித் தட்டினார். அவளுடைய முதல் வடிவம், அப்படியே. மேலே அவள் பெயர். கீழே ‘பார்த்தேன்’ என்று தன் பெயர். நடுவில் எல்லோரும் படிக்கும்படி இரண்டு வரி: ‘இவர் முன்பே சொன்னார். நான் கேட்கவில்லை, தாமதத்துக்கு நானே காரணம்.’ குழு முழுவதற்கும் அவளுக்குமாக அனுப்பினார்.

“வந்துச்சாம்மா?”

“வந்துச்சு. படிக்கிறேன், இருங்க.”

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். ஃபோனைக் காதில் வைத்தபடி, அவள் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.